எலக்ட்ரான் கற்றை நடுவில் ஓட்டை விழுந்து வளையமாகிறது: நிரலில் பிழையா, இயற்பியலா?

கார்த்திகை_வானம்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மண்டை காய்கிறது, இங்கே வந்து கொட்டுகிறேன்.

ஃபாஸ்ட் இக்னிஷன் (லேசர் இணைவில் எரிபொருளை முதலில் அமுக்கிவிட்டு, அப்புறம் தனியாகப் பற்றவைக்கும் முறை) சார்ந்த ஆய்வு. அலுமினியத் தகட்டில் 10¹⁹ வாட்/செ.மீ² செறிவுள்ள லேசர் விழுகிறது, அதிலிருந்து சராசரி 1 எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலில் எலக்ட்ரான்கள் உள்ளே பாய்கின்றன, அரைக்கோணம் 35 டிகிரி. நான் எழுதியது ஹைப்ரிட் நிரல். வேக எலக்ட்ரான்களைத் துகள்களாக ஓட்டுகிறேன், பின்புலப் பிளாஸ்மா வெறும் மின்தடையுள்ள திரவம். உருளை ஆயம் (அச்சிலிருந்து எவ்வளவு தூரம், அச்சின் வழியே எவ்வளவு ஆழம் என்ற கணக்கு).

கற்றை தன் காந்தப்புலத்தாலேயே கொஞ்சம் இறுகும் என்று படித்திருந்தேன். முதலில் இறுகவும் செய்கிறது. அப்புறம் அரை பிக்கோவிநாடிக்குள் நடுவில் எலக்ட்ரான்கள் காலியாகி, கற்றை வளையமாகிவிடுகிறது. வடையைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி படம் வருகிறது. வழிகாட்டியிடம் காட்டினால் "கூட்டல் கழித்தல் குறியை எங்கேயோ மாற்றிப் போட்டிருப்பாய்" என்கிறார். காந்தப்புலச் சமன்பாட்டை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

மின்புலம்

பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அந்த வளையம் சமன்பாட்டிலேயே ஒளிந்திருக்கிறது.

வேக எலக்ட்ரான்கள் உள்ளே போகும்போது பின்புல எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடி அந்த மின்னோட்டத்தைச் சரிக்கட்டுகின்றன. அந்தத் திரும்பு மின்னோட்டத்தை இழுக்க ஒரு மின்புலம் வேண்டும், அதன் அளவு மின்தடை எண் × மின்னோட்ட அடர்த்தி. இந்த மின்புலத்தின் சுழல்தான் (கணிதத்தில் கர்ல்) காந்தப்புலத்தை வளர்க்கிறது. பெருக்கலின் சுழலை விரித்தால் இரண்டு உறுப்பு வரும். மின்னோட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் வருவது முதல் உறுப்பு, அது எலக்ட்ரான்களை மின்னோட்டம் அதிகமுள்ள பக்கம் தள்ளும். அதாவது கற்றையை இறுக்கும். மின்தடை எண் இடத்துக்கு இடம் மாறுவதால் வருவது இரண்டாம் உறுப்பு, அது எலக்ட்ரான்களை மின்தடை அதிகமுள்ள பக்கம் தள்ளும்.

இப்போது உங்கள் தகட்டை நினைத்துப் பாருங்கள். கற்றையின் நடுவில்தான் சூடு அதிகம். சூடான பிளாஸ்மாவின் மின்தடை வெப்பநிலையின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆக, நடுவில் மின்தடை குறைந்து விளிம்பில் அதிகமாக நிற்கிறது. இரண்டாம் உறுப்பு முதலாவதை ஜெயித்தால் நடுவில் காந்தப்புலத்தின் திசையே திரும்பி, கற்றையை வெளியே தள்ளும். உங்கள் வடைக்கு ஓட்டை போட்டது அதுதான்.

ஆனாலும் மூன்று கேள்வி. ஆரம்ப வெப்பநிலை என்ன? மின்தடைக்கு எந்தச் சூத்திரம்? அச்சோரக் கட்டங்களில் எத்தனை துகள்?

கார்த்திகை_வானம்

நன்றி அக்கா, பாதி உயிர் வந்தது. ஆரம்பம் 1 எலக்ட்ரான்வோல்ட். மின்தடைக்கு ஸ்பிட்ஸர் சூத்திரம். அச்சோரத் துகள் எண்ணிக்கையை இதுவரை பார்த்ததே இல்லை.

மின்புலம்

அப்படியானால் உங்கள் வழிகாட்டியும் பாதி சரி.

ஸ்பிட்ஸர் சூத்திரம் சூடான பிளாஸ்மாவுக்கானது. திட அடர்த்தியில், 1 எலக்ட்ரான்வோல்ட்டில் அதைப் போட்டால் மின்தடை எகிறிவிடும். எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்ததுக்கும் இடையே அணுக்களின் இடைவெளியையாவது கடந்தாக வேண்டும் அல்லவா? ஸ்பிட்ஸர் அதைக் கண்டுகொள்ளாது. உண்மையான அலுமினியத்தில் மின்தடை எண் முதலில் ஏறும், சில பத்து எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 2 × 10⁻⁶ ஓம்-மீட்டரில் உச்சம் தொடும், அப்புறம்தான் ஸ்பிட்ஸர் சொல்கிறபடி இறங்கும். உங்கள் நிரலில் ஆரம்ப மதிப்பு அதைவிட நூறு மடங்கு வரிசையில் கூடுதலாக இருக்கும். மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி நடுப்பகுதி சரசரவென்று இறங்குகிறது, சரிவு செங்குத்தாகிறது, வளையம் பிறக்கிறது.

குளிர்ந்த நிலை மின்தடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011இல் மெக்கென்னாவும் சகாக்களும் வைரத்தையும் கண்ணாடிக் கார்பனையும் ஒப்பிட்டார்கள். தனிமம் ஒன்றே, அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. வைரத்தில் கற்றை வழவழப்பாகப் போனது, ஒழுங்கில்லாத கார்பனில் இழை இழையாகப் பிரிந்தது. தகடு சூடாகும் முதல் கணங்களில் மின்தடை என்னவாக இருந்தது என்பதே பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது.

அச்சோரம்: உருளை ஆயத்தில் அங்குள்ள கட்டங்களின் கன அளவு மிகச் சிறியது. இரண்டு துகள் கூடுதலாக விழுந்தாலே அடர்த்தி கூரையைப் பிய்க்கும். அந்த இரைச்சலையும் கணக்கில் வையுங்கள்.

வேடிக்கைபார்ப்பவன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இயற்பியல்காரன் இல்லை, இணைவு ஆற்றல் பற்றி ஆர்வமாகப் படிப்பவன். எலக்ட்ரான் கற்றை வளையமாகப் போனால் என்ன, உருண்டையாகப் போனால் என்ன? எரிபொருள் சூடானால் சரிதானே?

பழைய_லேசர்காரன்

நல்ல கேள்வி. உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

வழக்கமான லேசர் இணைவில் ஒரே அமுக்கலில் எரிபொருளை அடர்த்தியாகவும் ஆக்க வேண்டும், நடுவில் பற்றவும் வைக்க வேண்டும். டீசல் எஞ்சின் மாதிரி. 1994இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்து மேக்ஸ் டபாக்கும் சகாக்களும் இரண்டையும் பிரித்தார்கள்: முதலில் அமுக்கு, அப்புறம் தனியாக ஒரு குறுந்துடிப்பு லேசரால் பொறி வை. இது பெட்ரோல் எஞ்சின். அந்த லேசரைச் சாத்தியமாக்கியது 1985இல் ஸ்ட்ரிக்லேண்டும் மூருவும் கண்ட துடிப்பு நீட்டிச் சுருக்கும் உத்தி, 2018இல் நோபல் வாங்கியது.

பொறி எவ்வளவு பெரிது? இத்தாலிய இயற்பியலாளர் அட்ஸெனியின் கணக்குப்படி ஒரு கன செ.மீ.க்கு 300 கிராம் அடர்த்தியில் சுமார் 18 கிலோஜூல். ஆரம் 20 மைக்ரான் வரிசையில் உள்ள இடத்தில், 20 பிக்கோவிநாடிக்குள் அது இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் சூடான இடம் விரிந்து கலைந்துவிடும்.

லேசரால் அந்த அடர்த்திக்குள் போக முடியாது. வெளியே ஒரு எல்லையில் நின்றுவிடும், அங்கே எலக்ட்ரான்களை முடுக்கி உள்ளே அனுப்பும். அதனால்தான் ஒசாகாவில் கொடாமா குழு 2001இல் எரிபொருள் ஓட்டுக்குள் தங்கக் கூம்பைச் செருகியது. அமுக்கும்போது சிதறும் பிளாஸ்மா லேசரின் பாதையை மறைக்காது. 2002இல் நியூட்ரான்கள் ஆயிரம் மடங்கு கூடியதாகக் காட்டினார்கள். அப்போது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

ஆனால் கூம்பின் நுனிக்கும் அமுங்கிய எரிபொருளுக்கும் இடையே ஏறத்தாழ 100 மைக்ரான் தூரம் இருக்கும். 35 டிகிரியில் விரியும் கற்றை 100 மைக்ரான் போனால் பக்கவாட்டில் 70 மைக்ரான் பரவும். ஆரம்ப ஆரம் 15 என்றால் மொத்தம் 85. நமக்கு வேண்டிய ஆரம் 20. கற்றை சீராகப் பரவுவதாக வைத்தால் இலக்கில் விழுவது நூற்றுக்கு ஐந்தரை. மீதி வீண். 18 கிலோஜூல் இறங்க வேண்டுமானால் 300 கிலோஜூலுக்கு மேல் எலக்ட்ரானில் போட வேண்டும். லேசரில் மூன்றிலொரு பங்குதான் எலக்ட்ரானாகிறது என்று வைத்தால், பொறி வைக்கிற லேசரே ஒரு மெகாஜூல் ஆகிவிடும். தீக்குச்சிக்குப் பதில் தீப்பந்தம்.

வளையமாகப் போனாலும் இதே கதைதான். ஆற்றல் பரந்த பரப்பில் தெளிக்கப்படும், எந்த இடமும் பற்றும் அளவுக்குச் சூடாகாது.

சந்தேகராமன்

அந்தத் தீப்பந்தமே போதும் என்று 2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோரின் என்ஐஎஃப் லேசர் நிலையம் காட்டிவிட்டதே? 192 கற்றைகள், 2.05 மெகாஜூல் உள்ளே, 3.15 வெளியே. கூம்பும் இல்லை, எலக்ட்ரான் கற்றையும் இல்லை. முப்பது வருடமாக 100 மைக்ரானைத் தாண்ட முடியாத ஒன்றை இன்னும் ஏன் கட்டி அழ வேண்டும்?

பழைய_லேசர்காரன்

நண்பரே, அந்த 2.05ஐத் தர மின்கம்பியிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுத்தார்கள். பற்றும் என்று நிரூபித்தது பெரிய சாதனை, மறுக்கவில்லை. மின்நிலையத்துக்கு அந்த 1.5 மடங்கு பத்தாது, பல பத்து மடங்காவது ஈட்டம் வேண்டும். அமுக்கலையும் பற்றவைப்பையும் பிரித்தால் அங்கே போகலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. பிழைக்குமா, பிழைக்காதா என்பது வேறு விஷயம்.

வேடிக்கைபார்ப்பவன்

அப்போ ஒரு பெரிய காந்தத்தை வெளியே வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டால் என்ன?

மின்புலம்

வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லேசரால் இயங்கும் கம்பிச் சுருளில் நூற்றுக்கணக்கான டெஸ்லா கிடைக்கும். பிரான்ஸின் லூலி ஆய்வகத்தில் 600 டெஸ்லா புலம் வைத்து, 60 மைக்ரான் ஆழத்தில் ஆற்றல் பாயம் ஐந்து மடங்கு கூடியதை 2018இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஒசாகாவில் வெளிக் காந்தப்புலத்தோடு அமுக்கிய இலக்கில், லேசர் ஆற்றலில் 7.7 சதவீதம் அமுங்கிய எரிபொருளின் கருவில் சேர்ந்தது.

சந்தேகராமன்

600 டெஸ்லாவில் 1 எம்இவி எலக்ட்ரானின் சுழற்சி ஆரம் கிட்டத்தட்ட 8 மைக்ரான் வருகிறது. இப்போது போட்டேன். கற்றை தானே உருவாக்கும் புலம் எல்லாம் ஓரிரு மைக்ரான் தடிமனில்தான் இருக்கும் என்கிறார்கள். 8 மைக்ரான் ஆரத்தில் திரும்புகிற வண்டி 2 மைக்ரான் சந்தில் எப்படித் திரும்பும்? புலத்தால் கற்றையை வழிநடத்தலாம் என்ற பேச்சே கணக்கில் உதைக்கிறதே.

மின்புலம்

ஆரம் சரி, 7.9 மைக்ரான். வண்டி முழு வட்டம் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எலக்ட்ரான் அந்தப் புலச் சுவரை நேராக முட்டவில்லை, அச்சுக்கு 30 டிகிரியில் சாய்வாக வந்து உரசுகிறது. அது சுவருக்கு இணையாகத் திரும்பும் வரை உள்ளே போகும் தூரம் ஆரம் × (1 − கோசைன் 30). அதாவது 7.9 × 0.134, சுமார் 1.06 மைக்ரான். உங்கள் 2 மைக்ரான் சந்தில் தாராளமாகத் திரும்பும். 50 டிகிரியில் வந்தால் 2.8 மைக்ரான் வேண்டும், அது தப்பித்துவிடும். புலத்தின் வலிமையைத் தனியாகப் பார்க்கக் கூடாது, புலத்தையும் தடிமனையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 30 டிகிரிக்குச் சுமார் 640 டெஸ்லா-மைக்ரான் போதும்.

சந்தேகராமன்

சரி, ஒப்புக்கொள்கிறேன், நான் முழு வட்டத்தைப் போட்டுவிட்டேன். ஆனால் வெளிக் காந்தத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்கள் யாரும் சொல்லவில்லை. எரிபொருளை அமுக்கும்போது காந்தக் கோடுகளும் சேர்ந்து அமுங்கும். கூம்பு நுனியில் ஒரு மடங்கு இருக்கும் புலம் கருவில் நாலு மடங்கு ஆனால், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் எலக்ட்ரான்கள் எல்லாம் கண்ணாடியில் பட்ட மாதிரித் திரும்பிவிடும். காவலுக்கு வைத்த நாயே வீட்டுக்காரனை உள்ளே விடாத கதை.

மின்புலம்

உண்மை. அதனால்தான் எனக்கு வெளிக் காந்தத்தைவிட இரண்டாம் உறுப்பின் மேல் ஆசை அதிகம். கார்த்திகையின் கற்றையைக் கெடுத்த அதே உறுப்பு.

அது எலக்ட்ரான்களை மின்தடை அதிகமுள்ள பக்கம் தள்ளும் என்றேன் அல்லவா? அப்படியானால் மின்தடை அதிகமுள்ள பொருளை நடுவில் கம்பியாக வைத்து, குறைவானதை உறையாகச் சுற்றிவிட்டால்? எல்லையில் காந்தப்புலம் தானாகவே வளரும், வெளியே போக முயலும் எலக்ட்ரானை உள்ளே திருப்பும். கிட்டத்தட்ட ஒளியிழை. சூடான பிளாஸ்மாவில் மின்தடை அயனியின் மின்னூட்டத்தோடு கூடும் என்பதால், கனமான தனிமம் உள்ளே, லேசானது வெளியே. ராபின்சனும் ஷெர்லாக்கும் 2007இல் இதைச் சொன்னார்கள். 2009இல் கார் குழு அலுமினியத்துக்கு நடுவே வெள்ளீயத் தகட்டை வைத்துச் சோதனையில் காட்டியது. அடுத்த ஆண்டே அலுமினியத்துக்குள் இரும்புக் கம்பி வைத்ததும் வந்துவிட்டது.

புலம் எவ்வளவு வேகமாக வளரும் என்றும் பார்த்துவிடுவோம். மின்னோட்ட அடர்த்தி 3 × 10¹⁶ ஆம்பியர்/மீ², மின்தடை எண் 10⁻⁶ என்று வைத்தால் மின்புலம் மீட்டருக்கு 3 × 10¹⁰ வோல்ட். அது 5 மைக்ரானில் மாறினால் 0.1 பிக்கோவிநாடியில் 600 டெஸ்லா. வெளிச் சுருளில் எடுத்த அதே அளவு, இங்கே சும்மா கிடைக்கிறது. ஒரு பக்கவிளைவும் உண்டு: அந்த மின்புலம் அப்படியே நின்றால் 1 எம்இவி எலக்ட்ரான் 33 மைக்ரானிலேயே நின்றுபோகும். நல்லவேளை, பொருள் சூடாகி மின்தடை இறங்கிவிடுகிறது. அதோடு புல வளர்ச்சியும் மட்டுப்படும். கொடுக்கிற கையே எடுக்கிறது.

பழைய_லேசர்காரன்

கம்பி வழி எனக்கும் பிடிக்கும். ஆனால் பட்டவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். கனத் தனிமத்தில் எலக்ட்ரான் அதிகம் சிதறும், அதுவே கோணத்தைக் கூட்டும். அமுங்கும் ஓட்டின் அதிர்ச்சி அலை கூம்பு நுனியை அடிக்கும் நேரத்தில் அந்தக் கம்பி எந்த வடிவில் இருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கம்பிப் பொருள் எரிபொருளோடு கலந்தால் கதிர்வீச்சில் வெப்பம் போய்விடும். மேலே சொன்ன கம்பி, வெள்ளீயத் தகட்டுச் சோதனைகள் எல்லாம் பிக்கோவிநாடி வரிசைத் துடிப்பில், அசையாத திண்மத் தகட்டில் நடந்தவை. நமக்கு வேண்டியது 20 பிக்கோவிநாடி, கிகா ஆம்பியர். 18 கிலோஜூலை 1 எம்இவியால் வகுத்து நேரத்தால் வகுங்கள், ஏறக்குறைய அந்த எண்தான் வரும். திரும்பு மின்னோட்டம் இல்லாமல் 1 எம்இவி கற்றை தாங்குவது 47 கிலோ ஆம்பியர். இருபதாயிரம் மடங்கு இடைவெளி. பின்புலம் கொஞ்சம் பிசகினாலும் கற்றை நூல் நூலாகக் கிழியும்.

இன்னொன்று, கார்த்திகைத் தம்பிக்கு. நாளைக்கு உன் வளையத்தைச் சோதனையோடு ஒப்பிடப் போவாய். பின்பக்கத் தாமிரப் படலத்தின் கே-ஆல்ஃபா ஒளியை (வேக எலக்ட்ரான் மோதினால் தாமிரம் உமிழும் எக்ஸ்-கதிர்), 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், வளைந்த படிகத்தால் படமெடுப்பார்கள். பல வருடம் முன் எங்கள் படத்திலும் அழகான வளையம் வந்தது. கற்றை வளையமாகிவிட்டது என்று இரண்டு நாள் குதித்தோம். மூன்றாம் நாள் நிறமாலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு மாணவிதான் கேட்டாள்: "சார், நடுவில் எலக்ட்ரான் இல்லையா, இல்லை தாமிரம் அங்கே ரொம்பச் சூடா?" தாமிரம் சூடாகி அயனியானால் அந்தக் கோடு கொஞ்சம் நகரும். படிகம் பிடிப்பதோ மயிரிழை அகலம். நடுப்பகுதி அதன் பார்வையை விட்டே நகர்ந்திருந்தது. எலக்ட்ரான் அதிகம் விழுந்த இடம்தான் படத்தில் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

வேடிக்கைபார்ப்பவன்

ஐயா, இதைப் படித்துவிட்டுத் தூக்கம் போச்சு.

சந்தேகராமன்

கற்றை விரிந்த பின் கட்டுவதைவிட, விரியாமல் பிறக்க வைத்தால் என்ன? முன்துடிப்பால் (முதன்மைத் துடிப்புக்கு முன்னாலேயே கசியும் லேசர் ஒளி) கூம்புக்குள் பிளாஸ்மா நிரம்பினால் கோணமும் ஆற்றலும் கூடும் என்கிறார்கள். முன்துடிப்பைச் சுத்தமாக்கினால் பாதிப் பிரச்சினை தீராதா?

மின்புலம்

கால்வாசி தீரலாம். சுத்தமான துடிப்பிலும் லேசர் அழுத்தம் பரப்பைக் குழித்து மேடுபள்ளமாக்கும், எலக்ட்ரான்கள் பல திசையில் கிளம்பும். 20 பிக்கோவிநாடியில் லேசர் தானே பிளாஸ்மாவை உண்டாக்கிக்கொள்ளும்.

நடுவழி ஒன்று உண்டு: இரண்டு துடிப்பு. வலிமை குறைந்த முதல் துடிப்பு உள்ளே காந்தப்புலத்தை எழுதி வைக்கும், முதன்மைத் துடிப்பின் எலக்ட்ரான்கள் அந்த வாய்க்காலில் போகும். 2008இல் கோட்பாடாக வந்தது, 2012இல் ஸ்காட் குழு சோதனையில் விரிகோணம் குறைவதைக் காட்டியது. இரண்டுக்கும் இடையிலான நேரமும் செறிவு விகிதமும் பிசகினால் பலன் இல்லை.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்ததும் நினைவுக்கு வருகிறது. வரிசையாக நிற்கும் கார்பன் நானோகுழாய்கள் வழியே மெகா ஆம்பியர் மின்னோட்டத்தை மில்லிமீட்டர் தூரத்துக்குக் கடத்தி 2012இல் வெளியிட்டார்கள். நம் 100 மைக்ரானோடு ஒப்பிட்டால் அது நெடுஞ்சாலை. ஆனால் அமுங்கும் எரிபொருளுக்குள் அந்த ஒழுங்கு நிற்காது.

கார்த்திகை_வானம்

நான்கு நாள் கழித்து வருகிறேன்.

முதல் வேலையாக ஸ்பிட்ஸரைத் தூக்கிவிட்டு, குளிர்நிலையில் ஏறி இறங்கும் மின்தடை வளைகோட்டைப் போட்டேன். துகள்களை எட்டு மடங்காக்கினேன். வளையம் போகவில்லை, ஆனால் தாமதமாக, 1 பிக்கோவிநாடிக்கு அப்புறம்தான் தலைகாட்டுகிறது, ஓட்டையும் ஆழமில்லை. வழிகாட்டியிடம் இரண்டு உறுப்பையும் தனித்தனிப் படமாகப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, குறி ஒழுங்காகத்தான் இருக்கிறது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அப்புறம் ஆசைக்கு அலுமினியத்துக்குள் 10 மைக்ரான் ஆரத்தில் இரும்புக் கம்பி வைத்து ஓட்டினேன். கற்றை கம்பிக்குள்ளேயே நிற்கிறது, கடைசி வரை. ஆனால் கம்பிக்குள்ளும் எலக்ட்ரான்கள் நடுவில் இல்லை, சுவரை ஒட்டி ஒட்டியே போகின்றன. வடை சின்னதாகிவிட்டது, ஓட்டை அப்படியே.

மின்புலம்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எல்லையில் மின்தடை ஒரே தாவலில் மாறுகிறது, அதனால் புலம் மெல்லிய சுவராக நிற்கிறது. உள்ளே நடுப்பகுதி மறுபடியும் முதலில் சூடாகி, பழைய கதை சின்ன அளவில் நடக்கிறது. இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு 3 மைக்ரானில் படிப்படியாக மாறுகிற மாதிரிக் கலவை எல்லை வைத்துப் பாருங்கள். சுவர் தடிமனாகும், அதிகக் கோணத்தில் வருவதையும் பிடிக்கும், சுவரோரக் கூட்டமும் கலையும் என்று நினைக்கிறேன்.

பழைய_லேசர்காரன்

3 மைக்ரானில் படிப்படியாக மாறும் கம்பியை யார் செய்து தருவது என்று இலக்கு செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு ஓட்டு தம்பி. திட்டுவார்கள். ஆனால் செய்தும் தருவார்கள்.

கார்த்திகை_வானம்

உள்ளீட்டுக் கோப்பு எழுதிவிட்டேன். கணினி வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். வியாழக்கிழமை ஓடும் என்கிறது. அச்சோரத் துகள் எண்ணிக்கையை இந்த முறை முதலிலேயே தனி வரைபடமாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.